பேதுரு கட்டாத கூடாரம்

திருவருகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் குடில் கட்டும் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. வைக்கோல், மூங்கில், களிமண், ஒரு சிறு விளக்கு ஆகியவையே அதற்குப் போதும். சத்திரத்தில் இடமின்றித் திரும்பிய ஒரு குடும்பத்துக்கு மாட்டுத் தொழுவம் இடம் தந்ததை நாம் மறவாதிருக்க எழுப்பும் நினைவுச் சின்னம் அது. 'குடில்' என்னும் அந்தச் சொல்லை இப்போது வேறோர் இடத்திலும் எழுதி மாட்டுகிறார்கள். மலையடிவாரத்திலும் காட்டு விளிம்பிலும் வசதி படைத்தோர் எழுப்பும் ஓய்வு இல்லங்களுக்கு 'வனக் குடில்' என்றும் 'மோனக் குடில்' என்றும் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. இதைக் குறித்தே வாசக அன்பர்களிடம் வழக்குரைக்க வந்திருக்கிறேன்.

நான் திருவண்ணாமலையில் வாழ்பவன். நாற்பது ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டே பிழைத்தவன். அண்மையில் சென்னையிலிருந்து நான்கு கத்தோலிக்க நண்பர்கள் ஒரு வரைபடத்துடன் என் வீட்டுக்கு வந்தார்கள். நால்வரும் பக்தியுள்ளவர்கள்; ஆண்டுதோறும் தியானம் செய்பவர்கள்; ஏழைகளுக்குக் கொடுப்பவர்கள். நால்வருமாகச் சேர்ந்து மலையின் கிழக்குப் புறத்தில், காப்புக் காட்டை ஒட்டிய சரிவில், சிறிது பட்டா நிலம் பார்த்திருந்தார்கள். அங்கே நவீன முறையில் சிறியதொரு தியானக் குடில் அமைக்க வேண்டும்; வேலையை நான் முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தேன், இயலாது என்றேன். அவர்களுள் மூத்தவர் வருத்தத்துடன், "ஐயா, செபம் செய்ய ஓர் இடம் கேட்கிறோம். அதற்கும் தடை சொல்கிறீர்களே" என்றார். அன்று அவருக்குச் சுருக்கமாகவே பதில் சொன்னேன். முழுமையான பதில் இக்கட்டுரை.

முதலில் வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 400 சதுர அடியில் ஒரே அறை. மேற்கே மலையை நோக்கிய சுவர் முழுவதும் கண்ணாடி. குளிர்சாதனம் உண்டு. ஆழ்துளைக் கிணறு உண்டு. மின்சாரம் நின்றால் இயங்க மின்னாக்கி உண்டு. வாசல்வரை கார் வருவதற்காகச் சரிவை வெட்டிப் பாதை அமைக்க வேண்டும். சுற்றிலும் கம்பி வேலி, வேலியில் இரவெல்லாம் எரியும் விளக்குகள். குடில் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய அறையைத் தாங்குவதற்குத் தேவைப்படும் ஏற்பாடுகளோ ஒரு சிற்றூருக்குரியவை.

கட்டடத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் கண்ணாடிச் சுவரிலிருந்து தொடங்குகிறேன். மலைக்குக் கிழக்கே குடியிருப்பவன் மலையைப் பார்க்க வேண்டுமானால் மேற்கு நோக்கியே அமர வேண்டும். மேற்கு நோக்கிய கண்ணாடி, சித்திரை வைகாசியின் பிற்பகல் வெயிலை முழுவதுமாக உள்ளே வாங்கும். உட்புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. கோடையில் 40 பாகை செல்சியசை எட்டும் ஊர் இது. ஆகவே குளிர்சாதனம் இன்றி அந்த அறையில் ஒருவரும் அமர முடியாது. குளிர்சாதனம் ஓடினால் சன்னல்களை அடைக்க வேண்டும். சன்னல்களை அடைத்தால் குயிலோசையும் இல்லை, காற்றின் சலசலப்பும் இல்லை. எந்திரத்தின் முணுமுணுப்பு மட்டுமே எஞ்சும். காட்டைத் தேடி வந்தவர், காட்டை ஒரு சித்திரத்தைப் போல் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, சென்னையில் விட்டுவந்த அதே அறைக்குள் அமர்ந்திருப்பார். இதற்கு நாலரை மணி நேரப் பயணம் எதற்கு?

அடுத்தது சரிவு. இதைப் பற்றிப் பேச எனக்கு மனம் நடுங்குகிறது. 2024 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் எங்கள் பகுதியில் கொட்டித் தீர்த்தது. அன்று மாலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மீது விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் ஐவர் சிறுவர்கள். நாம் ஆலயத்தில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிய அதே நாளில் இது நடந்தது.

சரிவில் வாழும் எளியவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஊருக்குள் நிலம் வாங்க வகையில்லாதவன் மலையடியில் ஒண்டுகிறான். அவனுக்கு அது வாழ்வின் நெருக்கடி. ஆனால் நகரத்தில் வீடும், வீட்டில் தனியறையும் உள்ளவர்கள், காட்சி அழகாயிருக்கிறது என்பதற்காக அதே சரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பெயரிடுவது? சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள மண் தாங்கலை இழக்கிறது. பாதை போட்டால் பரவலாக இறங்கிய மழைநீர் ஒரே வழியாகத் திரண்டு பாய்கிறது. அது பாயும் திசையில், கீழே, யாருடைய கூரை இருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதில்லை. மேலே இருப்பவரின் அமைதிக்குக் கீழே இருப்பவர் தம் பாதுகாப்பை விலையாகத் தரும் நிலை வரக்கூடும். கிறிஸ்தவன் இதைச் செபத்தின் பெயரால் செய்யலாகாது என்பதே என் முதல் வாதம்.

மூன்றாவது தண்ணீர். பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறு என்பது பொதுப் பையில் கைவிடுவதைப் போன்றது. ஆண்டில் இருபது நாள் தங்குபவரின் குழாய் ஆழமாக இறங்கினால், அருகே ஆண்டு முழுவதும் வாழ்பவரின் கிணற்றில் மட்டம் தாழ்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட, 'இறைவா உமக்கே புகழ்' என்று பொருள்படும் சுற்றுமடலை நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் படித்தோம், பேசினோம், கைதட்டினோம். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க இயலாது என்பது அம்மடலின் உயிரான கருத்து. அதைப் படித்த கையோடு ஏழையின் கிணற்றுக்கு அருகில் துளைபோட எந்திரம் வரவழைப்பவர்களை என்னவென்பது?

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். "பெரிய மாளிகையா கட்டுகிறோம்? ஒரு சிற்றறைதானே" என்பார்கள். சிறுமையின் பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று அஞ்சுகிறேன். சண்டிகார் நகரத்தை வரைந்த லெ கொர்புசியே, அப்பெருநகரின் திட்டத்தில் ஈடுபட்டிருந்த அதே ஆண்டுகளில், 1951-52 இல், தென் பிரான்சின் கடலோரத்தில் தமக்கென ஒரு மரக்குடில் அமைத்துக்கொண்டார். பக்கத்துக்கு 3.66 மீட்டர், அதாவது 12 அடிக்கு 12 அடி. அதில் சமையலறை கிடையாது. அண்டையிலிருந்த சிற்றுண்டிச் சாலைக்குச் செல்ல ஒரு கதவு வைத்தார். பசித்தால் அங்கே போனார். மரக்குடில் அவ்வளவு சிறியதாக இருக்க முடிந்தது, ஏற்கெனவே இருந்த ஒன்றோடு அது ஒட்டிக்கொண்டதால்தான். புதிய பாதையோ, புதிய கிணறோ, புதிய அடுப்போ அதற்குத் தேவைப்படவில்லை. சிற்றறை என்பது சுவர்களின் அளவைப் பொறுத்ததன்று. அது சுற்றுப்புறத்திடமிருந்து என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டிலேயே இதைவிடச் சிறந்த சான்று உண்டு. காந்தியடிகள் 1936 இல் வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். மண், மூங்கில், ஓடு ஆகியவற்றால் ஆன குடிசை அவருக்குப் போதுமாயிருந்தது. நாட்டின் தலைவர்கள் அங்கேதான் அவரைத் தேடி வந்து தரையில் அமர்ந்தார்கள். ஒரு காலத்தில் கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றிய சிந்தனையாளர் இவான் இல்லிச், 1978 இல் அந்தக் குடிசைக்குள் அமர்ந்து பார்த்துவிட்டு, ஓர் உரையில் அதன் செய்தியை எடுத்துரைத்தார். வீட்டுக்குள் பொருள் சேரச் சேர மனிதன் அவற்றைச் சார்ந்து வலுவிழக்கிறான் என்பது அவர் கண்ட பாடம். நம் நால்வரின் வரைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் இல்லை.

சரி, எங்கள் மலையின் வரலாறு என்ன சொல்கிறது? 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவராகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த இரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை விருபாட்சி குகையில் வாழ்ந்தார். பின்னர் 1922 வரை கந்தாசிரமத்தில் இருந்தார். இயற்கையும் முன்னோரும் விட்டுவைத்த குகைதான் அவருக்கு நெடுங்காலம் இல்லமாயிற்று. தாயார் மறைந்தபின் அவரும் மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துச் சமாதியருகே தங்கினார். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் அந்த மோனத்தை நாடி வந்ததுண்டு. பிரான்சிலிருந்து வந்த குரு ஜூல் மோன்ஷானினும், பெனதிக்துச் சபைத் துறவி ஆன்றி லெ சோவும் 1949 இல் மகரிஷியைத் தரிசித்தார்கள். மறு ஆண்டு இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்பொன்றில், எளிய குடிசைகளுடன் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் என்று பெயர்கொண்ட லெ சோ, 1952 முதல் சில ஆண்டுகள் மீண்டும் மீண்டும் எங்கள் மலைக்கு வந்து குகைகளில் தங்கித் தியானம் செய்தார். அவருடைய இறையியல் முடிவுகளோடு எல்லாரும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த மலையில் அவர் ஒரு செங்கல்லையும் தமக்கென அடுக்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. இன்று நாம் விரும்பிப் பார்க்கும் இந்தப் பசுமை எப்போதும் இருந்ததன்று. பழைய நிழற்படங்களில் மலை பெரும்பாலும் மொட்டையாகவே தெரிகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து தொண்டர்கள் கன்று நட்டு, தோளில் சுமந்து நீரூற்றி, கோடைதோறும் புல்லில் பற்றும் தீயை விரட்டித் தடுப்புக் கோடு வெட்டி, மெல்ல மெல்ல வளர்த்தெடுத்த மரங்கள் அங்கே நிற்கின்றன. அவர்களுள் பலர் நம் சமயத்தார் அல்லர். அந்த மலையையே இறைவனாக வணங்கி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் வலம்வரும் மக்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் மண்ணில் நாம் பாறை உடைக்கும் எந்திரத்தோடு ஏறுவோமானால், உரையாடல் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகளுக்கு என்ன மதிப்பு?

"அப்படியானால் எல்லாரும் குகைக்குப் போக வேண்டுமா? முதியோர், பெண்கள், நோயாளிகள் செபிக்க வேண்டாமா? கதவும் கழிப்பறையும் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. வேண்டும் என்பதே என் பதில். துறவியின் உடல்வலிமையை இல்லறத்தாரிடம் எதிர்பார்ப்பது கொடுமை. கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தபின் கோடு போடுங்கள் என்கிறேன். மறுத்ததோடு நில்லாமல், அந்த நண்பர்களுக்கு நானே ஒரு தாளில் வேறொரு குடிலை வரைந்து தந்தேன். அதை இங்கே சொல்கிறேன்.

இடம்: காட்டிலும் வேண்டாம், சரிவிலும் வேண்டாம். ஏற்கெனவே மனிதர் கைபட்ட சமநிலம் போதும். ஓர் ஆலய வளாகத்தின் பின்மூலை, ஒரு பழைய தோட்டத்தின் ஓரம், கைவிடப்பட்ட மாட்டுக் கொட்டில் நின்ற இடம் எதுவாயினும் நன்று. அங்கே பாதையும் கிணறும் முன்பே இருக்கும். மரம் இல்லையென்றால் நடுங்கள். புங்கனும் வேம்பும் பத்தாண்டில் நிழல் தரும். காட்டுக்குள் போய்க் கட்டுபவன் காட்டைக் குறைக்கிறான். வெற்று நிலத்தில் கட்டி மரம் நடுபவனோ காட்டைக் கூட்டுகிறான்.

அமைப்பு: 12 அடிக்கு 12 அடியில் ஓர் அறை. மேற்குச் சுவர் தடித்ததாக இருக்கட்டும். அதில், தரையில் அமர்ந்தவரின் கண் மட்டத்தில், மரக்கதவுள்ள ஒரு சிறு சன்னல். காலை வெயில் கிழக்கிலிருந்து மலைமீது விழும் வேளையில் அதைத் திறக்கலாம்; மலை முழுவதும் ஒளியில் தெரியும். நண்பகலுக்குப் பின் அடைத்துவிடலாம். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராகப் பெரிய சன்னல்கள் காற்றுக்கு. கிழக்கே ஒரு திண்ணை. செங்கற்களைக் குத்தாக வைத்து நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். ஓட்டுக் கூரை அழகியதுதான். ஆனால் எங்கள் ஊர்க் குரங்குகள் ஒரே வாரத்தில் ஓடுகளைப் புரட்டிவிடும். எனவே பழைய ஓடுகளைக் காங்கிரீட்டுக்கு நடுவே நிரப்பிச் சரிவாக வார்க்கும் முறையே பொருந்தும். இவ்விரு முறைகளையும் நம் நாட்டில் பரப்பியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917 இல் பிறந்து, கேரளத்தில் ஏழைகளுக்கும் எளிய வீடுகள் கட்டி, 2007 இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவர், சிக்கனத்தை அழகாக்கிக் காட்டிய கிறிஸ்தவர்.

தண்ணீர்: கூரை நான்கு புறமும் 3 அடி நீண்டிருந்தால் அதன் பரப்பு 18 அடிக்கு 18 அடி, அதாவது 30 சதுர மீட்டர். எங்கள் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். கூரைமீது விழுவது 30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 24,000 லிட்டர் எஞ்சும். தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்றால் ஆண்டு முழுவதற்கும் 14,600 லிட்டர் போதும். மழையற்ற ஆறு மாதங்களுக்கு 7,200 லிட்டர். ஆகவே 8,000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி கட்டினால் ஆழ்துளைக் கிணறு தேவையில்லை. இரட்டைக் குழிக் கழிப்பறை ஒன்று சற்றுத் தள்ளி இருக்கட்டும். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. வேலி விளக்கு வேண்டவே வேண்டாம். இரவு இருட்டாக இருப்பதும் படைப்பின் ஒழுங்கே.

இறுதியாகத் திறவுகோல். என் தாளில் நான் எழுதிய கடைசி வரி இதுதான்: திறவுகோல் நால்வரிடம் இருக்கலாகாது. ஆண்டில் மற்ற நாட்களில் அறை பூட்டியிருப்பதும், வாடகைக்கு விடப்படுவதும் தகாது. அடுப்படியிலிருந்து ஒரு நாளாவது விடுபட்டு மௌனமாக அமர விரும்பும் தாய்க்கு, தேர்வுக்குமுன் மனம் கலங்கிய மாணவனுக்கு, மனைவியை இழந்த முதியவருக்கு, ஆறு நாளும் கல்லுடைத்துவிட்டு ஏழாம் நாள் அமைதி தேடும் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும். மௌனம் வசதியுள்ளவரின் தனிச்சொத்தன்று. புனித சார்லஸ் தெ ஃபூக்கோவை எண்ணிப் பாருங்கள். 1911 இல் சகாரா பாலைநிலத்து அசெக்ரெம் உச்சியில் அவர் ஒரு கற்குடில் அமைத்தது மக்களைவிட்டு ஓடுவதற்காக அன்று. கோடையில் மந்தையோடு அங்கே வரும் துவாரெக் மக்களைச் சந்திக்க அதுவே தக்க இடமாயிருந்தது. 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவரது தனிமைக்கு வாசல் இருந்தது.

என் தாளை நண்பர்கள் வாங்கிக்கொண்டார்கள். மூத்தவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இதில் மலை சிறியதாகத் தெரியுமே ஐயா" என்றார். உண்மைதான். என் சன்னலில் மலை ஒரு கையகலமே தெரியும். மலையைப் பெரிதாகப் பார்க்க விரும்புபவர் வெளியே வந்து திண்ணையைச் சுற்றி நடக்க வேண்டும். அங்கே பூ விற்கும் அம்மாவையும் சந்திக்க வேண்டியிருக்கும். அவர் புன்னகைத்தார். சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

அன்பர்களே, உருமாற்ற மலையில் நடந்ததை நாம் ஆண்டுதோறும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று கேட்கிறோம். ஒளியைக் கண்ட பேதுரு, அங்கேயே மூன்று கூடாரங்கள் அமைக்கலாம் என்று முன்வந்தார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். தாம் சொல்வது இன்னதென்று அறியாமல் சொன்னார் என்று நற்செய்தியாளர் லூக்கா குறிப்பிடுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கூடாரம் கட்ட இசையவும் இல்லை. அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். கீழே ஒரு தகப்பன், நோயுற்ற தன் மகனுக்காக மன்றாடிக்கொண்டு நின்றான்.

எங்கள் மலைக்கும் ஓர் அடிவாரம் உண்டு. அங்கே ஒரு டிசம்பர் ஞாயிறன்று ஐந்து குழந்தைகள் மண்ணுக்குள் போனார்கள். அவர்களது தெருவுக்கு மேலே செபத்தின் பெயரால் இன்னொரு கல்லை நாம் அசைக்க வேண்டாம். இந்த ஆண்டு நம் வீட்டில் வைக்கோல் குடில் கட்டும்போது, அதன்முன் சற்று நேரம் அமர்ந்து, நாம் கட்ட நினைத்திருக்கும் மற்றக் குடிலின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க நம் மனம் இடம் கொடுத்தால் கட்டுவோம்.